தாழ்ப்பாள் போட்ட வேலை

என் சித்தி லிஃப்டில் ஏற மாட்டாள். நாங்கள் இருப்பதோ நான்காவது மாடி. காய்கறிப் பை, பால் பாக்கெட், ஒருமுறை ரிப்பேருக்குப் போய்த் திரும்பிய மிக்ஸி, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படியேறி வந்து வாசலில் நின்று வாயால் மூச்சு வாங்குவாள்.

"லிஃப்ட்டு எதுக்குடி இருக்கு?" என்று அம்மா கேட்பாள்.

"அழகுக்கு."

அப்படிப்பட்டவளுக்குத்தான் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசுகிற வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பட்டனை அழுத்தினால் அழைப்பு நேராகச் சித்தியின் காதுக்கு வரும். சிரிக்காதீர்கள். நான் சிரித்து, முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாயிற்று.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், "மாப்பிள்ளை படியேறி வந்துட்டுதான் இருக்காரு, இன்னும் ரெண்டாவது மாடியில மூச்சு வாங்குறாரு" என்பாள். அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். துணியிலிருந்து துடைப்பம் வரை விற்கிற பெரிய கடை ஒன்றில் மைக்கில் அறிவிப்புச் சொல்வது அவளுடைய வேலையாக இருந்தது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அவளிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். "பச்சைச் சட்டை போட்ட பையன் இங்க இருக்கான். அவங்கம்மா எந்த மாடியில இருந்தாலும் சீக்கிரம் வந்துடுங்க, என் மிட்டாய் டப்பா காலியாகுது" என்று அவள் சொன்னால் கடையே திரும்பிப் பார்க்கும். அப்படியொரு குரல். கூட்டமும் இரைச்சலும் இருந்தால்தான் அவளுக்குச் சாப்பாடே இறங்கும்.

மூடிய கதவு என்றால் ஆகாது. காரணம் யாருக்கும் தெரியாது; கேட்டால் அவளுக்கே தெரியாது. குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள். அதற்குப் பதில் பாடுவாள். ராகம் தாளம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, உள்ளே ஆள் இருக்கிறது என்கிற தகவல் மட்டும்தான் அது. பாட்டு நின்றால் உள்ளே போகலாம் என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. ஒருமுறை சோப்பு வாயில் போய்ப் பாட்டு நின்று, அப்பா கதவைத் தள்ளி, அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே பல நாளாயிற்று.

அந்தக் கடையை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். வேறு ஊரிலிருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழவி படுத்த படுக்கையாக இருந்தாள். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போன் வந்தது. சித்தி அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள்:

"வேற வேலை எதுவும் கிடைக்கலைன்னா அங்க போயிடறேன்க்கா. எத்தனை நாளைக்கு உங்க தலையில உட்கார்ந்திருக்கிறது?"

"என் தலை என்ன அவ்வளவு சின்னதாவா இருக்கு?" என்றாள் அம்மா. நான் சித்தியின் வெளிச்செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போட்டேன். ஒற்றைச் செருப்போடு யாரும் ஊரை விட்டுப் போக மாட்டார்கள் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வந்த கணக்கைவிட இது தேவலாம்.

அப்போதுதான் இந்த வேலை வந்தது. போனிலேயே நேர்காணல். இந்த வேலை போனால் அந்தக் கிழவி வீடுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டி ஒன்று வந்தது. லேப்டாப், காதில் மாட்டுகிற ஹெட்செட், கரன்ட் போனாலும் இணையம் நிற்காமல் இருக்க ஒரு சின்னக் கருவி. கூடவே விதிகள். வெளிச்சத்தம் வராத அறை வேண்டும். வேலை நேரத்தில் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்க வேண்டும். அழைக்கிறவர்கள் தங்கள் கட்டடத்தின் முகவரியையும் வாசல் பூட்டின் எண்ணையும் சொல்வார்களாம், அதனால் வேறு முகம் தெரியக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. லேப்டாப்பின் நெற்றியில் பச்சைப் புள்ளி எரிந்தால் அங்கிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் சத்தம் வராத இடம் ஒன்றே ஒன்றுதான், சாமான் அறை. ஜன்னல் கிடையாது. காற்றுப் போக்கிக்கு அப்பா எப்போதோ அட்டை ஒட்டி மூடியிருந்தார், புறா வருகிறது என்று. சுருட்டி வைத்த மெத்தை, இரண்டு சூட்கேஸ், ஒரு ஸ்டூல், நடுவில் இஸ்திரி மேசை. அந்த இஸ்திரி மேசைதான் சித்தியின் அலுவலகம். கையை ஊன்றிப் பேசினால் மேசை கிரீச் என்றது. உட்கார்ந்து எழுந்தால் பின்னால் மெத்தை இடித்தது.

"சவப்பெட்டி இதைவிடப் பெருசா இருக்கும்" என்றாள் சித்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கழுத்தில் வியர்வை.

பயிற்சிக்கு நான் உதவினேன். குளியலறைக்குள் போய் நின்று அவளுக்குப் போன் போடுவேன்.

"மேடம், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன் மேடம்!"

"நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று அவள் கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்துப் படிப்பாள். "உங்களுடன் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"ஆட்டைச் சேர்த்தா, சேர்க்காமயா?"

"எந்த ஆடு?"

"கூட ஒரு ஆடு இருக்கு மேடம். என் சட்டையைத் தின்னுக்கிட்டிருக்கு."

"அடி குட்டிச்சாத்தானே, கம்பெனி ஆட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையே!" என்று சிரித்து உருள்வாள். அப்படிச் சிரிக்கும்போது அறைக்கதவு விரியத் திறந்திருக்கும். அதையும் நான் கவனித்தேன்.

முதல் நாள் வீடே ஊமையாகிவிட்டது. அப்பா சொந்த வீட்டில் திருடன் மாதிரி நுனிக்காலில் நடந்தார். அம்மா குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை வந்தது, அதையும் கையாலேயே போட்டார்கள். அம்மா கரண்டியை நீட்டினாள், அப்பா கும்பிட்டார், முடிந்தது. இப்படியே இருந்தால் குடும்பம் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மணி அடித்தது. நான் கதவில் காதை வைத்தேன். சித்தியின் குரல் வந்தது, ஆனால் அது மைக்கில் கேட்ட குரல் இல்லை. யாரோ கழுத்தைப் பிடித்திருப்பது போல மெல்லிசாக இருந்தது. அழைத்தது யாரோ ஒரு பெண்; லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் தானே நகர்ந்துவிட்டதாம். அவ்வளவுதான். வெளியே வந்தபோது சித்தியின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"என்ன சித்தி, அவங்க வெளிய வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டாங்க." தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "அவங்க மூச்சு விடறது காதுக்குள்ளேயே கேக்குதுடி. போனை வச்ச பிறகும் கேக்குது."

இரவில் அவள் கதவோரம் படுத்தாள். அடுத்தடுத்த நாட்களில் அவளுக்கு ஒரு யுக்தி தோன்றியது. கதவை முழுக்கச் சாத்தாமல், இடுக்கில் துண்டை மடித்து வைத்து, விரல் நுழைகிற அளவு திறந்து வைத்துக்கொண்டாள். அந்த விரலளவு வெளிச்சத்தைப் பார்த்தபடிதான் பேசினாள். நான் கூடத்தில் நடக்கும்போது வேண்டுமென்றே அந்த இடுக்கின் குறுக்கே போவேன். நிழல் விழும். வெளியே ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான். கேட்டால், கண்ணாடியைத் தேடினேன் என்று சொல்லியிருப்பேன்.

பச்சைப் புள்ளி அதைப் பார்த்துவிட்டது.

மேலதிகாரி ஒரு பெண். சத்தமே போடமாட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி பேசுவார், அதனால் நான் வைத்த பெயர் ஐஸ் மேடம். போனில் சொன்னார்: "உங்க கதவு தாழ் போடலை. இதை எச்சரிக்கையா எடுத்துக்குங்க. இன்னொரு எச்சரிக்கை கொடுக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லை."

"சரிங்க மேடம்."

"புதுத் தாழ் போட்டு, போட்டோ அனுப்புங்க."

போனை வைத்த பிறகு சித்தி கதவின் பழைய தாழை ஆட்டிப் பார்த்தாள். துருப்பிடித்து, பாதி உடைந்து, யாருக்கும் உபயோகமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவளுக்கு ஒரு பாசமே இருந்திருக்கும்.

இங்கே அப்பா வருகிறார். அப்பாவுக்குப் பெயிண்ட் கடையில் வேலை. டப்பாவின் அடியில் மிஞ்சுகிற பெயிண்ட் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்கள் வாளிக்கு மூன்று நிறம், நாற்காலிக்கு நான்கு. நகராத பொருள் எதுவும் அவர் தூரிகைக்குத் தப்பியதில்லை. புது இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். திருகாணி முடுக்கினார், இழுத்துப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"மாமா, நல்லாத்தான் இருக்கே" என்றாள் சித்தி.

"மொட்டையா இருக்கும்மா. எதுக்கும் ஒரு கோட்டு அடிச்சிட்டா துருப்பிடிக்காது, பார்க்கவும் லட்சணமா இருக்கும்."

தாழுக்கும், அது போய் நுழைகிற ஓட்டைக்கும், கரும்பச்சையில் தடிப்பாக ஒரு கோட்டு அடித்தார். தள்ளி நின்று ரசித்தார். "ஃபேனைப் போட்டு விடு, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பெயிண்ட் கடைக்காரர் சொன்னால் பெயிண்டும் கேட்கும் என்று நாங்கள் நம்பினோம்.

மத்தியானம் சித்தியின் வேலை நேரம் ஆரம்பித்தது. உள்ளே போகும்முன் என்னைப் பார்த்தாள்.

"கூடத்துலயே இருப்பியா?"

"எங்க போகப்போறேன்? லீவுல பள்ளிக்கூடத்துக்கா?"

அவள் சிரிக்கவில்லை. கதவு மூடியது. புதுத் தாழ் டக்கென்று விழுந்தது. இடுக்கும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உள்ளே பல்பும் ஃபேனும் மட்டும்.

கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் போயின. தெரு முழுக்கக் கரன்ட் இல்லை. உள்ளே ஃபேன் சுழற்சி குறைந்து, குறைந்து, நின்றது. ஸ்டூல் நகர்கிற சத்தம். சித்தி கதவைத் திறக்கத்தான் எழுந்தாள் என்று நினைக்கிறேன். அதற்குள் மணி அடித்தது.

இனி அவள் பேசியது நான் கதவில் காது வைத்துக் கேட்டது. அவன் பேசியது அவள் பிறகு சொன்னது.

"வணக்கம், அவசர உதவி மையம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

"பாதுகாப்பா? வந்து பாரும்மா பாதுகாப்பை! பீரோ என் மேல சாஞ்சு நிக்குது. நீ ஏசி ரூம்ல உட்கார்ந்து பாதுகாப்புன்னு படிக்கிற!"

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கும் ஆள் அவன். இரும்பு பீரோவை லிஃப்டில் ஏற்றியிருக்கிறான். அதுவும் அவனும் போக மீதி இடம் இல்லாததால் கூட்டாளி படியில் போயிருக்கிறான். நடுவழியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. பீரோ சரிந்து அவனைச் சுவரோடு சேர்த்து அமுக்கியது. கை இரண்டும் கீழே மாட்டிக்கொண்டன. மணிப் பட்டனைத் தாடையால் அழுத்தியிருக்கிறான்.

"உங்களுடன் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"நானும் பீரோவும்!"

சித்தி இன்னொரு இணைப்பில் மெக்கானிக்கைப் பிடித்தாள். "வந்துட்டேதான் இருக்கேன்" என்றான் அவன். அப்படிச் சொல்கிறவன் இன்னும் வண்டியையே எடுத்திருக்கமாட்டான் என்பது உலகத்துக்கே தெரியும். ஊரின் அந்தக் கோடியில் இருந்தான். தீயணைப்புக்கும் சொன்னாள். அங்கேயும் வண்டி வேறெங்கோ போயிருந்தது. எல்லாம் தாளில் இருந்தபடிதான் செய்தாள், குரல் நடுங்கினாலும்.

அப்புறம் தாழ் ஆடுகிற சத்தம் கேட்டது. கடக். மறுபடியும் கடக் கடக். நிறுத்தி, பலமாக ஒரு இழுப்பு. தாழ் அசையவில்லை. கரும்பச்சைப் பெயிண்ட் ஓட்டைக்குள் தாழைப் பிடித்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை. சித்தி என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் அது கம்பெனியின் பதிவில் விழும், வேலை போகும், வேலை போனால் சித்தி போவாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா வந்து கதவைத் தோளால் தள்ளினாள், ஒரு சத்தமும் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு. கதவு எங்களை மதிக்கவில்லை. வாசலுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டேன். "பெயிண்ட்டு" என்று ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ" என்றார்.

திரும்பி வந்து காதை வைத்தபோது அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "மேடம்? மேடம், போயிட்டீங்களா? மூச்சு முட்டுதுங்க. மேடம்!"

சித்தியின் மூச்சு மட்டும் கேட்டது, குடத்துக்குள் ஊதுவது போல. பிறகு ஒரு குரல் வந்தது. தாளைப் பார்த்துப் படிக்கிற குரல் இல்லை.

"இல்ல. இருக்கேன். எங்க போறது? நானும் மாட்டிக்கிட்டேன்."

"என்னது?"

"என் ரூம் கதவு திறக்கலை தம்பி. கரன்ட் இல்ல. ஜன்னலும் இல்ல. எனக்குக் கையும் காலும் உதறுது."

அவன் கேட்டான்: "அப்ப உங்களை யாருங்க காப்பாத்துறது?"

"அதுக்குத் தனியா ஒரு நம்பர் இருக்கான்னு கம்பெனியைக் கேக்கணும்."

அவன் சிரித்தானாம். பீரோ நெஞ்சில் இருந்ததால் சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

"உங்க ரூமு எவ்வளவு பெருசு?"

"ஒரு இஸ்திரி மேசை, ரெண்டு சூட்கேஸு, ஒரு மெத்தை."

"மெத்தையா! பெரிய இடம்தான் நீங்க. எனக்கு இந்த பீரோதான்."

"சரி, கால் எங்க இருக்கு? இடது கால் அசையுதா?"

"அசையுது."

"கொஞ்சம் கொஞ்சமா சுவரை ஒட்டி வையி. நானும் இங்க சுவரை ஒட்டித்தான் நிக்கிறேன். நெஞ்சுக்குக் காத்து வருதா?"

"ஏதோ வருதுக்கா." மேடம் அக்காவாகிவிட்டாள்.

"பீரோ உள்ள என்ன இருக்கு?"

"காலின்னுதான் சொன்னாங்க. பூட்டிக் குடுத்தாங்க. ஆனா ஆட்டினா உள்ள ஏதோ உருளுது."

"என்ன உருளும்? வளையலா?"

"வளையல்னா கிணுகிணுங்கும். இது மொத்தையா உருளுது."

"பந்து?"

"பீரோவுல யாருக்கா பந்தைப் பூட்டி வைப்பாங்க?"

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, வைப்பா. இன்னொரு தடவை தோளால மெதுவா ஆட்டு, கேட்டுச் சொல்றேன்."

இருட்டில், வியர்த்து ஒழுகிக்கொண்டு, இரண்டு பேரும் அப்படி அந்தப் பீரோவுக்குள் என்ன உருள்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சித்தியின் குரல் அறுந்துபோகும். அப்போதெல்லாம் அவன், "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்பான். அவன் குரல் தேய்ந்தால் இவள் கேட்பாள். இரண்டு பேரில் யார் யாருக்கு உதவி மையம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது, அதற்காகத்தான்.

அப்பா நான்கு மாடியும் ஓடியே வந்தார். வந்த வேகத்தில் வாயில் பேச்சு வரவில்லை, அதுவரைக்கும் நல்லது. உளியைத் தாழ் இருக்கும் இடத்தில் கதவிடுக்கில் செருகிச் சுத்தியலால் ஒரு போடு. வீடே அதிர்ந்தது. "பெயிண்ட்டு ஒட்டிக்கிச்சும்மா, ஒரே நிமிஷம், பயப்படாதே!" என்று கடையில் வாடிக்கையாளரை அழைக்கிற குரலில் கத்தினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விதி என்று ஒன்று இருந்ததே, அது அந்தச் சுத்தியலுக்கு அடியில் நசுங்கிப் போனது.

மூன்றாவது அடியில் தாழ் பெயர்ந்து விழுந்தது. கதவு திறந்தது.

நான் மொபைல் வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். சித்தி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளுத்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, உதடு கோணியிருந்தது. கூடத்தின் காற்று அவள் மேல் பட்டதும் கண்ணை மூடித் திறந்தாள். பாய்ந்து வெளியே வந்துவிடுவாள் என்று வழிவிட்டு நின்றோம். ஒரு கால் எடுத்தும் வைத்தாள்.

"என்னக்கா சத்தம்?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"கதவு திறந்திருச்சு."

மிகவும் சின்னக் குரலில், "அப்ப நீங்க போங்கக்கா. வெளிய போயிடுங்க" என்றானாம்.

சித்தி எங்களைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்த கூடத்தைப் பார்த்தாள், பால்கனிக் கதவைப் பார்த்தாள், அதற்கு அப்பால் தெரிந்த வெயிலைப் பார்த்தாள். பசித்தவள் சோற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்பா இளைத்துக்கொண்டிருந்தார், கீழே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது, பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கரன்ட் போன சந்தோஷத்தில் கூச்சல் போட்டன. சித்தி உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். தாழ் இல்லாததால் கதவு நிற்கவில்லை. கையாலேயே பிடித்துக்கொண்டாள். கைப்பிடி கடகடவென்று ஆடியது வெளியிலிருந்து தெரிந்தது.

"சாத்திட்டேன்" என்றாள். "வெளிய ஒரே இரைச்சல், உன் குரல் கேக்கலை. ம், ஆட்டு. என்ன உருளுது?"

அந்தக் கைப்பிடி ஆடியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. மெக்கானிக் வந்து, மேலே லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடி இறக்கி, கதவை நெம்பித் திறந்தார்களாம். "அக்கா, வெளிச்சம்…" என்று அவன் ஆரம்பித்தான். இணைப்பு அறுந்தது. நன்றியும் இல்லை, பீரோவில் என்ன என்பதும் தெரியவில்லை.

சித்தி வெளியே வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் நன்றாக நடுங்கினாள். பல் பல்லோடு தட்டியது. அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்பா தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, செத்த எலியைத் தூக்கிப் போட இடம் தேடுகிறவர் மாதிரி சுற்றி வந்தார்.

சாயங்காலம் ஐஸ் மேடம் கூப்பிட்டார். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பதிவைக் கேட்டேன். சொந்த விஷயம் பேசியிருக்கீங்க."

"ஆமாங்க."

"பின்னால ஆம்பளைக் குரல். சுத்தியல் சத்தம். கேமராவுல உங்களைத் தவிர மூணு முகம்."

"எங்க மாமா, அக்கா, அக்கா பொண்ணுங்க."

"உறவுமுறை கேக்கலை." கொஞ்சம் நிறுத்தினார். "கதவு திறந்த பிறகு மறுபடி சாத்தியிருக்கீங்க. ஏன்?"

சித்தி யோசித்தாள். நல்லதாக ஏதாவது சொல்லு, விதியை மதிச்சேன்னு சொல்லு என்று நான் வாயசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தத் தம்பி உள்ள இருந்தாருங்க" என்றாள்.

"சரி. முடிவு என் கையில மட்டும் இல்லை. காலையில உங்க கணக்கு திறந்தா வேலைக்கு வாங்க. திறக்கலைன்னா லேப்டாப்பைப் பெட்டியில போட்டு அனுப்பிடுங்க."

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, யாரும் தூங்கவில்லை. சித்தி தன் துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கலைத்துப் போட்டேன். திட்டாமல் திரும்ப மடித்தாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

காலையில் இஸ்திரி மேசையைச் சுற்றி நான்கு பேரும் நின்றோம். அந்த அறையில் நான்கு பேர் நிற்க முடியாது என்பதால் அப்பா மெத்தை மேல் ஏறி நின்றார். சித்தி கடவுச்சொல்லை அடித்தாள்.

தவறு என்று சிவப்பில் வந்தது.

"இன்னொரு தரம் அடிம்மா" என்றார் அப்பா. அடித்தாள். மறுபடியும் சிவப்பு. அம்மா பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

சித்தி தன் விரல்களைப் பார்த்தாள். அவை நடுக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பட்டனில் இறங்கிக்கொண்டிருந்தன. சேலையில் துடைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். அது ரகசியம் என்பதால் அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

திறந்தது.

திரையில் ஐஸ் மேடத்திடமிருந்து ஒரே ஒரு வரி இருந்தது. "இன்று வேறு தாழ் போட்டு, போட்டோ அனுப்பவும். பெயிண்ட் அடிக்க வேண்டாம்."

அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவங்க யாரு என் பெயிண்ட்டைச் சொல்றதுக்கு" என்று முணுமுணுத்தார். அம்மா சிரித்து, சிரிப்பு அழுகையாகி, மூக்கைச் சிந்தினாள். சித்தி சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை. இனி இந்த அறைக்குள் தினமும் உட்கார வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

லேப்டாப்பில் பச்சைப் புள்ளி எரிந்தது. மணி அடித்தது.

சித்தியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. ஹெட்செட்டை எடுத்தாள், நழுவவிட்டாள், மறுபடி எடுத்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றாள். "மெத்தையை விட்டு இறங்குங்க மாமா, சீக்கிரம்!"

கடைசியாக நான் வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவளுடைய குரல், நேற்றைவிட ஒரு இம்மிகூடக் குறையாத நடுக்கத்தோடு:

"சொல்லுங்க, நான் இருக்கேன். உள்ள எத்தனை பேரு?"